காலைத் தேர்வும் நம் வீட்டு விளக்கும்

(ஜமாஅத் கல்விக் குழுவின் சார்பில், மாணவர் வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 கல்விக் குழுவின் சார்பில் உங்கள் முன் நிற்கும்போதெல்லாம் உதவித்தொகை, நோட்டுப் புத்தகம், பரிசளிப்பு ஆகியவற்றைப் பற்றியே பேசி வந்திருக்கிறோம். இம்முறை அவற்றையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு உறக்கத்தைப் பற்றிப் பேச வந்துள்ளோம். கல்விக் கூட்டத்தில் உறக்கமா என்று முன்வரிசையில் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. காரணத்தைக் கேட்ட பிறகு அந்தப் புன்னகை நிலைக்காது என்று எண்ணுகிறோம்.

2025ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள், சனிக்கிழமை. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வு நடைபெற்ற நாள். பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்திருந்த தேர்வு அது. நம் மஹல்லாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவரும் விண்ணப்பித்திருந்தார். சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவர். ஓராண்டுக் காலம் வேலை முடிந்து வந்து படித்தவர். மாதிரித் தேர்வுகளில் அவர் எடுத்த மதிப்பெண்களை நாங்களே பார்த்திருக்கிறோம். அந்த வாரம் அவருக்கு இரவு ஷிப்டு. வெள்ளி இரவு பத்து மணிக்கு உள்ளே சென்றவர், சனி காலை ஆறு மணிக்கு வெளியே வந்தார். குளித்து, இரண்டு இட்லி சாப்பிட்டு, எட்டரை மணிக்கெல்லாம் தேர்வுக்கூட வாயிலில் நின்றுவிட்டார். அவரிடம் சோம்பல் இல்லை, அலட்சியம் இல்லை என்பதற்காகவே இவ்வளவையும் சொல்கிறோம்.

ஒன்பதரை மணிக்குத் தேர்வு தொடங்கியது. மூன்று மணி நேரத்தில் 200 வினாக்கள். முதல் நூறு வினாக்கள் தமிழ். அவற்றை நன்றாகவே முடித்தார். அதன் பின் எங்கோ ஓரிடத்தில் கண் சொக்கியிருக்கிறது. ஒரு வினாவை விட்டுவிட்டு, அடுத்த வினாவின் விடையை அதற்குரிய வரிசையில் நிரப்பாமல், விட்ட வினாவின் வரிசையில் நிரப்பிவிட்டார். அங்கிருந்து ஒவ்வொரு வட்டமும் ஒரு வரிசை மேலே. ஏறத்தாழ முப்பது வினாக்கள் கடந்த பிறகே கண்டுகொண்டார். கறுப்பு மைப் பேனாவால் நிரப்பிய வட்டத்தை அழிக்க வழி ஏது? வேறு விடைத்தாளும் கிடையாது. “விடை எல்லாம் தெரிந்ததுதான் காக்கா” என்று அவர் நம்மிடம் சொன்னபோது, அவர் முகத்தைப் பார்க்க நம்மால் இயலவில்லை.

ஷிப்டை மாற்றித் தருமாறு கேட்டீரா என்று வினவினோம். கேட்கவில்லையாம். கேட்டால் கொடுத்திருப்பார்கள், கேட்கக் கூச்சமாக இருந்தது என்றார். நாமும் அவரிடம் உமக்கு இந்த வாரம் எந்த ஷிப்டு என்று கேட்கவில்லை. விண்ணப்பக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் உதவி செய்துவிட்டு, நம் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

இந்த நிகழ்ச்சிக்குப் பிறகுதான் இப்பொருளைப் பற்றிச் சற்று ஆராய்ந்து படித்தோம். அறிந்தவற்றுள் முக்கியமான சிலவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

மனித உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது வெறும் உவமை அன்று. பழ ஈக்களை வைத்து அக்கடிகாரம் இயங்கும் முறையை விளக்கியமைக்காகவே ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. உடலின் வெப்பம் இரவின் பிற்பகுதியில், நாம் வழக்கமாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாக, மிகவும் தாழ்ந்திருக்கும்; அதன் பின் மெல்ல ஏறும். அது ஏற ஏறத்தான் கவனமும் கூர்மையும் வரும். வழக்கமாக எட்டு மணிக்கு எழுகின்ற பிள்ளையை, தேர்வு நாளில் மட்டும் ஐந்து மணிக்கு உலுக்கி எழுப்பினால், கண் திறந்திருக்கும். உள்ளே நள்ளிரவாகவே இருக்கும். விழித்தவுடன் வரும் மந்தம் சாதாரணமாக அரை மணி நேரத்தில் தெளியும். உறக்கம் போதாதவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும்.

இரவு முழுதும் விழித்துப் படித்தவன் நிலை இதனினும் மோசம். 1997ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் ஒன்றை அளந்து காட்டினர். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது. ஒரு முழு நாள் விழித்திருந்தால் அது 0.10 விழுக்காட்டுக்கு ஒப்பாகிறது. நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் வகுத்துள்ள வரம்பு 0.03 விழுக்காடு என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மதுவின் வாசனையே அறியாத நம் பிள்ளைகளை, அத்தகைய தடுமாற்றத்தோடு தேர்வு மண்டபத்துக்கு அனுப்பிவைத்து, “இரவெல்லாம் கண் விழித்துப் படித்தான்” என்று பெருமையும் பேசிக்கொள்கிறோம்.

மற்றொன்றும் உண்டு. பகலில் படித்தது மனத்தில் ஊன்றுவது உறக்கத்தில்தான். உறக்கத்தைக் குறைத்துப் படிப்பவன், ஓட்டைக் குடத்தில் நீர் சேந்துகிறான்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. பதின்ம வயதில் இந்த உடற்கடிகாரம் இயல்பாகவே பின்தங்கி ஓடும். இரவில் தாமதமாகவே உறக்கம் வரும். காலையில் எழ உடல் மறுக்கும். எனவே பிள்ளைகளைச் சோம்பேறி என்று ஏசுவதில் நியாயம் இல்லை. அந்த வயதினருக்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் பரிந்துரை. நம்மில் எத்தனை வீடுகளில் அது கிடைக்கிறது? இங்கேதான் நம் ஊரின் தனிப்பட்ட இக்கட்டு வந்து நிற்கிறது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை நம்பி வாழும் குடும்பங்கள் நாம். தந்தை இரண்டாம் ஷிப்டு முடித்து வீடு வந்து சேர இரவு பதினொன்று ஆகும். அதுவரை பிள்ளைகள் விழித்திருக்கின்றன. ஏன்? அத்தா முகத்தைப் பார்க்க வேறு நேரம் இல்லை. பிள்ளை பள்ளிக்குக் கிளம்பும்போது அவர் உறங்கிக்கொண்டிருப்பார். பிள்ளை திரும்பும்போது அவர் வேலைக்குப் போயிருப்பார். ஆகவே பதினொரு மணிக்கு மேல்தான் அந்த வீட்டில் விளக்கு எரிய, தொலைக்காட்சி பேச, அனைவரும் கூடி உண்கின்றனர். அந்த ஒரு மணி நேரத்தை எடுத்துவிடச் சொல்லும் மனம் நமக்கு இல்லை. குடும்பம் என்பதே அந்த ஒரு மணி நேரமாக இருக்கும்போது, அதை எப்படித் துறக்கச் சொல்வது?

எனினும், தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களுக்கு மட்டும் அதை இடம் மாற்றி வைக்கலாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒரே அறையுள்ள வீடாயின், பிள்ளை படுக்கும் மூலையில் ஒரு புடவையைத் திரையாகக் கட்டுங்கள். தந்தைக்குரிய உணவைத் தனியே மூடி வைத்து, அவர் அடுப்படி விளக்கில் உண்ணட்டும். காலையில் சுபுஹு பாங்கு சொன்னதும் அவர் எழுந்து, தம் கையாலேயே பிள்ளையை எழுப்பட்டும். தொழுகை முடிந்து இருவரும் கடைத்தெரு வரை நடந்து ஒரு தேநீர் அருந்தி வரட்டும். தந்தையின் உறக்கம் சிறிது கெடும்; அவர் பின்னர் உறங்கிக்கொள்ளலாம். இவ்வாறு செய்த ஒரு வீட்டார், தேர்வு முடிந்த பின்பும் அந்தக் காலை நடையை விடவில்லை என்று நம்மிடம் சொன்னார்கள்.

எவ்வளவு நாளைக்கு முன்பு தொடங்குவது? உடற்கடிகாரத்தை ஒரே இரவில் திருப்பி வைக்க முடியாது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் நகர்வதே அரிது. பிள்ளைகளுக்குப் பதினைந்து, இருபது நிமிடங்களாக நகர்த்துவதே உகந்தது. நள்ளிரவில் படுத்துப் பழகியவன் பத்து மணிக்குப் படுக்கப் பழகுவதற்கு ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். இடையில் ஒரு திருமணத்துக்குப் போய் நள்ளிரவில் திரும்பினால் மீண்டும் பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆகவேதான் மூன்று வாரம் என்கிறோம். படுக்கும் நேரத்தை அதட்டி வரவழைக்க இயலாது. எழும் நேரத்தைப் பிடித்துக்கொண்டால் படுக்கும் நேரம் தானே பின்தொடரும். எழுந்தவுடன் கால் மணி நேரம் மொட்டை மாடியிலோ வாசலிலோ வெளிச்சத்தில் நிற்க வேண்டும். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னே நகர்த்தும். இரவில் கைப்பேசியின் வெளிச்சம் அதைப் பின்னே தள்ளும். கைப்பேசியைத் தாயாரின் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். அலாரம் வேண்டுமென்று சாக்குச் சொல்வார்கள்; ஓர் அலாரக் கடிகாரம் பெரிய விலை அல்ல.

தேநீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதிலுள்ள காஃபீனில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் தங்கியிருக்கும். இரவு ஒன்பது மணிக்குப் பிளாஸ்க்கில் நிரப்பிக் கொடுக்கும் தேநீர், அதிகாலை இரண்டு மணி வரை பிள்ளையைப் புரளச் செய்யும். அன்போடு செய்வதுதான், மாலையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் ஈடுபடுவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்பதை நாம் அறிவோம். அறிந்தும், இஷாவுக்குப் பின் தேநீர்க் கடை வாசலில் நம் இளைஞர்கள் நிற்பது எத்தனை மணி வரை என்பதையும் அறிவோம்.

தேர்வு எந்த நேரத்தில் நடக்கிறதோ, அந்த நேரத்தில் மூளையைப் பழக்குவதே ஆயத்தத்தின் சாரம். குரூப் 4 தேர்வு காலை ஒன்பதரைக்கு. ஒன்பது மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். ஜே.இ.இ. மெயின் தேர்வின் முதல் அமர்வு ஒன்பது மணிக்கே தொடங்கிவிடும். பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு பத்து மணிக்கு. (நீட் தேர்வு எழுதுவோர் இதற்கு நேர்மாறாக, பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை விழிப்போடிருக்கப் பழக வேண்டும். மதிய உறக்கத்துக்குப் பழகிய பிள்ளைக்கு அதுவே சோதனை.) இரவில் அமர்ந்து எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வு, காலைத் தேர்வுக்கு முழு ஒத்திகை ஆகாது. ஞாயிறுதோறும் சரியாக ஒன்பதரை மணிக்கு, மூன்று மணி நேரம் எழாமல் அமர்ந்து எழுதிப் பார்க்க வேண்டும். விடைத்தாளில் விடை தெரியாத வினாவுக்குரிய ஐந்தாவது வட்டத்தையும் விடாமல் நிரப்பிப் பழக வேண்டும். இத்தகைய நுணுக்கங்களில்தான் களைத்த மூளை முதலில் தவறும்.

இரவு ஷிப்டில் இருப்போர் தேர்வுக்கு நான்கைந்து நாள் முன்பாவது பகல் ஷிப்டுக்கு மாறிக்கொள்ளுதல் அவசியம். உடன் வேலை செய்பவரோடு மாற்றிக்கொள்ளலாம். மேற்பார்வையாளரிடம் நுழைவுச்சீட்டைக் காட்டிக் கேட்கலாம். கேட்கக் கூச்சப்படுவோர் கல்விக் குழுவிடம் சொல்லுங்கள். நம்மில் ஒருவர் உடன் வருகிறோம்.

இனிப் பயணம். குரூப் 4 தேர்வுக்குப் பெரும்பாலும் அந்தந்த வட்டத்திலேயே மையம் கிடைத்துவிடும். ஏனைய பல தேர்வுகளுக்குச் சென்னைக்கோ அதன் புறநகருக்கோ செல்ல நேரிடும். கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரல் வரை புறநகர் ரயிலில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். பல தேர்வுகள் ஞாயிற்றுக்கிழமையில் நடக்கின்றன. ஞாயிறன்று ரயில்கள் குறைவு என்பதைப் பலர் நடைமேடையில் நின்ற பிறகே நினைத்துக்கொள்கின்றனர். திருவள்ளூர் நம் மாவட்டத் தலைநகர்தான். ஆயினும் நம் பாதையிலிருந்து அங்கு நேர் ரயில் கிடையாது. பேசின் பிரிட்ஜ் வரை சென்று அரக்கோணம் பாதைக்கு மாற வேண்டும். இல்லையேல் பெரியபாளையம் வழியே சாலையில் செல்ல வேண்டும். இருசக்கர வாகனத்தில் மீஞ்சூர், மணலி வழியாகப் போய்விடலாம் என்று எண்ணுவோர், துறைமுகங்களுக்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகளைக் கணக்கில் கொள்ளவும்.

ஒன்பது மணித் தேர்வுக்கு ஏழரைக்கு அங்கே இருக்க வேண்டுமானால், ஐந்தரைக்குள் ரயில் ஏற வேண்டும். நான்கு மணிக்கு எழ வேண்டும். ஆகவே முந்தைய இரவு எட்டரைக்கே படுக்க வேண்டும். இப்படிப் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பாருங்கள். கணக்கு ஒத்துவரவில்லையெனில், முதல் நாளே மையத்துக்கு அருகிலுள்ள உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. அங்கும் விருந்து வைத்து, பேசிப் பேசி நள்ளிரவாக்கிவிடும் உறவினராயின், வேறு உறவினரைத் தேடுங்கள். ஒரு முறை அதே கிழமையில், அதே ரயிலில் சென்று வாயிலைப் பார்த்து வருவது நலம். ஒரே பெயரில் இரண்டு வளாகங்கள் உள்ள கல்லூரிகள் உண்டு. நம் பிள்ளை ஒருவன் வேறு வளாகத்தின் வாயிலில் நின்று, நேரம் கடந்த பின் அழுதுகொண்டு திரும்பியது நமக்கு மறக்கவில்லை.

ரமளானைப் பற்றிச் சொல்லாமல் இந்த உரை முடியாது. 2025ஆம் ஆண்டில் மார்ச் 2ஆம் நாள் முதல் நோன்பு. மறுநாளே பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. தராவீஹ் முடிந்து, வீடு வந்து, மறுபடியும் படித்து, பதினொன்றரைக்குப் படுத்து, நான்கு மணிக்கு ஸஹருக்கு எழுந்த பிள்ளைகள் நம் வீடுகளில் பலர். நான்கரை மணி நேர உறக்கத்தோடு பத்து மணிக்குத் தேர்வு. குறை நோன்பில் இல்லை. இரவை நாம் செலவழித்த முறையில் இருந்தது. தராவீஹுக்குப் பின் நூலைத் தொடாமல் உடனே படுத்துவிட்டால் ஆறு மணி நேரம் கிடைக்கும். சுபுஹுக்குப் பின் ஒரு மணி நேரம் கண்ணயரலாம். ஆனால் ஏழரைக்கு மேல் படுத்திருக்கக் கூடாது. தேர்வு முடிந்து வந்ததும் கைலூலா எனும் சிறு உறக்கம், அரை மணி அளவில். ஸஹரில் தண்ணீரைக் குறைக்காதீர்கள். தேர்வுக் காலத்தில் தராவீஹை எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதை நம் ஆலிம் பெருமக்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்க. அதில் தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னே வரும் மாதம் அது. மார்ச் மாதத்தைக் கடந்துவிட்டாலும், செய்முறைத் தேர்வும் திருப்புதல் தேர்வும் அதற்குள் அகப்படும்.

இறுதியாக, நம் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியுள்ளது. மதரஸா மாடியில் இரவு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிப்பகம் நடத்தி வந்தோம். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை மணி வரை விளக்கு எரிந்தது என்று ஆண்டறிக்கையில் பெருமையோடு அச்சிட்டோம். அந்தப் பிள்ளைகள் மறுநாள் காலை வகுப்பில் எப்படி இருந்தார்கள் என்று ஒரு நாளும் விசாரிக்கவில்லை. குரூப் 4 எழுதிய அந்த இளைஞரும் அப்படிப்பகத்தில் படித்தவரே. மின்விசிறியும் குழல்விளக்கும் நன்கொடையளித்த பெரியோர்கள் மனம் வருந்த வேண்டாம். அவை வீணாகவில்லை, எரியும் நேரம்தான் மாறுகிறது.

வரும் மாதம் முதல், இன்ஷா அல்லாஹ், படிப்பகம் சுபுஹு தொழுகைக்குப் பின் திறக்கப்பட்டு ஏழரை மணி வரை நடைபெறும். பகலெல்லாம் வேலைக்குச் செல்வோருக்காக இரவில் எட்டு முதல் ஒன்பதே முக்கால் வரை மட்டும் திறந்திருக்கும். அதன் பின் விளக்கு அணைக்கப்படும். ஞாயிறுதோறும் ஒன்பதரைக்கு மாதிரித் தேர்வு. ஒன்பதுக்கு மேல் வருவோருக்குக் கதவு திறக்கப்படமாட்டாது. பெண் பிள்ளைகளுக்கு மக்தப் அறை ஒதுக்கப்பட்டுள்ளது. தேர்வுக் கால மூன்று வாரங்களில், ஜமாஅத் சார்பிலான எந்த நிகழ்ச்சியும் இரவு ஒன்பது மணிக்கு மேல் நீடிக்காதவாறு பார்த்துக்கொள்ள நிர்வாகக் குழு இசைந்துள்ளது. திருமண வீட்டாரும் இதற்கு ஒத்துழைக்குமாறு வேண்டிக்கொள்கிறோம்.

தேர்வு எழுதுவோர் தம் பெயரையும், தேர்வு நாளையும், அந்த வாரம் தமக்கோ தம் தந்தைக்கோ எந்த ஷிப்டு என்பதையும் அலுவலகப் பதிவேட்டில் எழுதித் தரவும். மாடிச் சாவி மோதினார் அவர்களிடம் இருக்கும். வஸ்ஸலாம்.